குளிர்காலத்தைப் புளோரிடாவில் கழிக்கும் ஓய்வுபெற்ற தம்பதியர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிறிஸ்மஸ் முடிந்ததும் நானும் என் கணவரும் புளோரிடாவின் மேற்குக் கரைக்குப் போய்விடுவோம். சரசோட்டாவுக்குக் கிட்ட, கடற்கரையிலிருந்து பத்து நிமிடக் கார் தூரத்தில் ஒரு சின்ன வாடகை வீடு. ஏப்ரல் தொடக்கத்தில் திரும்பி ரொறன்ரோவின் ஸ்காபரோ. ரொறன்ரோவில் எங்கள் வயதுத் தமிழர்கள் பலர் இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்கள். கோயிலில், கல்யாண வீட்டில், வைத்தியரின் காத்திருப்பு அறையில் என்று எங்கே கண்டாலும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் எனக்குத் தெரிந்த பதில்களையும் இங்கே எழுதுகிறேன். விதிகள் ஒன்ராறியோவில் இருப்பவர்களுக்கானவை. மற்ற மாகாணங்களில் மருத்துவக் காப்புறுதி விதி வேறு.

நாள் முழுக்க அங்கே என்ன செய்வீர்கள்? அலுப்பு வராதா?

முதலில் கேட்கப்படுவது எப்போதும் இதுதான். இரண்டு கிழமை விடுமுறைக்குப் போகிறவர் நாளுக்கொரு இடம் பார்ப்பார். மூன்று மாதம் இருப்பவர் அப்படி ஓட முடியாது, ஓடவும் கூடாது. அங்கேயும் உடுப்புத் தோய்க்க வேண்டும், குப்பை வெளியே வைக்க வேண்டும், பல்லுக் கொதித்தால் வைத்தியரைத் தேட வேண்டும். இன்னொரு இடத்தில் வீடு நடத்தப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அலுப்பு வருவதில்லை. கொண்டாட்டத்துக்கு என்று போகிறவர்கள்தான் மூன்றாம் கிழமையில் விமானச்சீட்டைப் பார்க்கத் தொடங்குவார்கள்.

எங்கள் நாள் சாதாரணமானது. விடிந்ததும் தேத்தண்ணி. ஏழரைக்கு முதல் கடற்கரை. சரசோட்டாவை ஒட்டிய தீவான சியஸ்ரா கீயின் கடற்கரை மணல் 99 வீதம் குவார்ட்ஸ் என்பதால் மா போல வெள்ளையாக இருக்கும், வெயில் ஏறினாலும் காலைச் சுடாது. அதனால் சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர் ஓரமாக இறுக்கமான மணலில் நடப்போம். கபில நிறக் கூழைக்கடா உயரத்திலிருந்து செட்டையை மடக்கிக்கொண்டு தலைகீழாகக் கடலில் விழும், எழும்பும்போது அலகுப் பையிலிருந்து தண்ணீர் வழியும். வெள்ளைக் கூழைக்கடா குளிர்காலத்துக்கு மட்டும் வடக்கிலிருந்து வருவது. அது அப்படி விழாது. கூட்டமாக நீந்தி மீனை வளைத்து அள்ளும். இரண்டையும் பார்த்துக்கொண்டு நடந்தால் ஒரு மணித்தியாலம் போவது தெரியாது.

ஒன்பதரைக்கு வீடு. சமையல், உடுப்பு, கடை எல்லாம் மத்தியானத்துக்கு முன். பிறகு ஒரு தூக்கம். பின்னேரம் இவர் குடியிருப்பின் சஃபிள்போர்ட் (கோலால் வட்டைத் தள்ளும் விளையாட்டு) களத்துக்குப் போவார், நான் நீச்சல் குளத்தில் தண்ணீர்ப் பயிற்சிக்குப் போவேன். செவ்வாய்க்கிழமை நூலகம். ஞாயிறு இரவு இருவருடைய மாத்திரைகளையும் ஏழு நாள் பெட்டியில் பிரித்துப் போடுவது. இதற்கு இடையில் சூரியன் மறைவதைப் பார்க்க ஒரு தடவை. மேற்குக் கரை என்பதால் சூரியன் கடலுக்குள்தான் இறங்கும். பக்கத்து வீட்டார் கதிரையைத் தூக்கிக்கொண்டு தினமும் போவார்கள். எங்களுக்குக் கிழமையில் இரண்டு தடவை போதும்.

உண்மையிலேயே சூடாக இருக்குமா?

ஜனவரியில் சரசோட்டாவில் பகல் வெப்பம் சராசரியாக 22 பாகை, இரவில் 11, 12. இது எங்களுடைய ஊர் வெயில் இல்லை, மிதமான இதம். மயாமிப் பக்கம் போனால் இரண்டு மூன்று பாகை கூட இருக்கும். வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும் நாட்களில் இரவு ஐந்து பாகைக்கும் வரும். தெற்குப் புளோரிடாவில் அப்படியான விடியற்காலைகளில் உடும்பு போன்ற இகுவானாக்கள் விறைத்து மரத்திலிருந்து விழுவதுண்டு. ஆகவே ஒரு நல்ல ஸ்வெட்டரும் காலுறைகளும் பெட்டியில் கட்டாயம் இருக்கட்டும்.

சூட்டை விட எனக்குப் பெரிதாகப் படுவது வெளிச்சம். ஜனவரித் தொடக்கத்தில் ரொறன்ரோவில் பகல் ஒன்பது மணித்தியாலம், சரசோட்டாவில் பத்தரை. பின்னேரம் ஐந்தேமுக்கால் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். ஐந்து மணிக்கு இருட்டிவிடும் வீட்டில் வயதானவர்கள் எப்படி ஒடுங்கிப் போகிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் ஒரு நடை நடக்கலாம், ஒருவரோடு நின்று கதைக்கலாம். அப்புறம் பனியில் வழுக்கி விழும் பயம் இல்லை. எழுபது தாண்டியவர்களுக்கு இது ஒன்றே போதுமான காரணம் என்பேன்.

சட்டப்படி எத்தனை நாள் இருக்கலாம்?

இங்கே மூன்று கணக்குகள் இருக்கின்றன. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஆட்கள் மாட்டுப்படுகிறார்கள்.

முதலாவது, குடிவரவுக் கணக்கு. கனடியக் குடிமக்களுக்கு விசா தேவையில்லை. பொதுவாக ஆறு மாதம் வரை இருக்க விடுவார்கள், ஆனால் எத்தனை நாள் என்பதை முடிவு செய்வது எல்லை அதிகாரி. ரொறன்ரோ வீட்டின் மின்சாரக் கட்டணச் சீட்டு, திரும்பும் விமானச்சீட்டு போன்றவை கையில் இருந்தால் நல்லது. 2025 ஏப்ரல் 11 முதல், 30 நாள் அல்லது அதற்கு மேல் தங்கும் வெளிநாட்டவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. விமானத்தில் போகிறவர்களுக்கு ஐ-94 என்ற வருகைப் பதிவு பொதுவாகத் தானாகவே உருவாகிவிடும். காரில் எல்லை கடப்பவர்களுக்குப் பல தடவை அது கிடைப்பதில்லை. அவர்கள் சிறு கட்டணம் கட்டி ஐ-94 எடுக்கலாம், இல்லாவிட்டால் ஜி-325ஆர் படிவத்தில் பதிய வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்க வரிக் கணக்கு. இந்த வருடம் அங்கே இருந்த நாட்கள், போன வருட நாட்களில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய வருட நாட்களில் ஆறில் ஒரு பங்கு. மூன்றையும் கூட்டி 183 வந்தால் (இந்த வருடம் 31 நாளாவது இருந்திருந்தால்) உங்களை அமெரிக்க வரி வதிவாளராகப் பார்ப்பார்கள். வருடம் தவறாமல் 120 நாள் இருப்பவருக்கு 120, 40, 20 சேர்த்து 180. ஆகவே நான்கு மாதத்துக்கு உட்பட்டவர்களுக்குப் பிரச்சினை இல்லை. அதைத் தாண்டினாலும், அந்த வருடத்தில் மட்டும் 183 நாளுக்குக் குறைவாக இருந்து, கனடாவோடுதான் நெருங்கிய தொடர்பு என்று 8840 படிவத்தை அமெரிக்க வரித் திணைக்களத்துக்கு ஜூன் 15க்குள் அனுப்பினால் சரி. இருவரும் தனித்தனியாக அனுப்ப வேண்டும். ஒரு நாளில் ஒரு மணித்தியாலம் அங்கே நின்றாலும் அது முழு நாள். அமெரிக்க எல்லை நகரான பஃபலோவுக்குச் சாமான் வாங்கப் போன நாளும் இதில் சேரும்.

மூன்றாவது, ஓஹிப் என்ற ஒன்ராறியோ மருத்துவக் காப்புறுதிக் கணக்கு. எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 212 நாள் வரை வெளியே இருக்கலாம்.

இரு நாடுகளும் எல்லை கடக்கும் பதிவுகளைப் பரிமாறிக்கொள்கின்றன. ஒரு கொப்பியில் போன நாள், வந்த நாள் எழுதி வையுங்கள்.

எனக்குக் கனடாவில் நிரந்தர வதிவிட உரிமைதான், குடியுரிமை இல்லை.

அப்படியென்றால் உங்கள் கடவுச்சீட்டு எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுக்கான விதிதான். இலங்கை, இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு அமெரிக்கச் சுற்றுலா விசா வேண்டும், நேர்முகத்துக்கான காத்திருப்பு நீளம். சூப்பர் விசாவில் வந்து பிள்ளைகளோடு இருக்கும் பெற்றோருக்கும் அதே விதி. கணவருக்குக் குடியுரிமை இருந்து மனைவிக்கு இல்லாத வீடுகளில் இதைக் கவனிக்காமல் வாடகைக்கு முற்பணம் கட்டிவிடுவார்கள். விசா கையில் வந்த பிறகு வீடு பாருங்கள்.

பயணக் காப்புறுதி கட்டாயமா? எங்களுக்குத்தான் ஓஹிப் இருக்கிறதே.

கட்டாயம். ஓஹிப் வெளிநாட்டு வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றால் நாளுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர் தரும். வெளிநோயாளராகப் போனால் 50 டொலர். அமெரிக்க அவசர சிகிச்சைப் பிரிவில் ஒரு இரவுக்கே ஆயிரக்கணக்கில் வரும். காப்புறுதி இல்லாமல் எல்லை கடக்கும் முதியவர், பிள்ளைகளின் வீட்டை அடகு வைத்துவிட்டுப் போகிறார் என்றே நான் சொல்வேன்.

காப்புறுதியில் வாசிக்க வேண்டிய ஒரே பகுதி, முன்பே இருக்கும் நோய்கள் பற்றியது. பிரஷர், சீனி, கொழுப்பு என்று எங்கள் ஆட்களில் இல்லாதவர் யார்? அந்த நோய் குறிப்பிட்ட காலம் மாற்றமில்லாமல் இருந்திருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். சிலதில் 90 நாள், சிலதில் 180 நாள். இங்கே மாற்றம் என்பது நோய் கூடுவது மட்டுமில்லை. வைத்தியர் மாத்திரையின் அளவைக் குறைத்தாலும் பல ஒப்பந்தங்களில் மாற்றமாகவே எடுப்பார்கள். நவம்பரில் வைத்தியர் பிரஷர் மாத்திரையை ஐந்து மில்லிகிராமிலிருந்து பத்தாக்கினால் அன்றைக்கே காப்புறுதிக்காரருக்குத் தொலைபேசி எடுத்துச் சொல்லுங்கள். வருடாந்தப் பரிசோதனையை ஓகஸ்டிலேயே முடித்துவிடுவது இதற்காகத்தான்.

கேள்விக்கொத்தை நிரப்பும்போது பிள்ளைகளிடம் கொடுத்து அவசரமாகக் கிளிக் பண்ண விடாதீர்கள். நீங்கள் பக்கத்தில் இருந்து, மருந்துக்கடை தரும் முழு மருந்துப் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு நோயை விட்டுவிட்டால் சம்பந்தமே இல்லாத இன்னொரு செலவையும் மறுக்கலாம்.

அங்கே ஏதாவது நடந்தால், உயிராபத்து என்றால் 911. மற்ற எதற்கும் முதலில் காப்புறுதியின் தொலைபேசி இலக்கம். அவர்களே எந்த மருத்துவ நிலையத்துக்குப் போவதென்று சொல்வார்கள். அந்த இலக்கத்தைக் குளிர்சாதனப் பெட்டிக் கதவிலும் இருவருடைய பணப்பையிலும் வையுங்கள்.

மருந்துகளை எப்படிக் கொண்டுபோவது?

65 வயது தாண்டியவர்களுக்கு ஒன்ராறியோ மருந்துத் திட்டத்தில் ஒரு தடவைக்கு 100 நாள் வரை தருவார்கள். அதைவிட நீண்ட காலம், 200 நாள் வரை போகிறவர்களுக்குப் பயணத்துக்கான மேலதிக மருந்தும் உண்டு. பயணத்தை உறுதிப்படுத்தும் கடிதமோ காப்புறுதிப் பிரதியோ கேட்பார்கள். புறப்பட மூன்று கிழமைக்கு முன் மருந்துக்கடையில் சொல்லிவிடுங்கள். மருந்துக்கடை ஒட்டிய பெயர்ச்சீட்டோடு மூலப் போத்தலிலேயே, கைப்பையில். விமானத்தில் பதிந்து அனுப்பும் பெட்டிக்குள் எந்த மருந்தும் போகக் கூடாது.

முதியோர் ஓய்வூதியம் நின்றுவிடுமா?

ஆறு மாதத்துக்கு உட்பட்ட பயணத்தால் நிற்காது. வருமானம் குறைந்த முதியோருக்கான வருமான உத்தரவாதக் கொடுப்பனவு எடுப்பவர்கள் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது நிற்கும். பதினெட்டு வயதுக்குப் பின் கனடாவில் 20 வருடம் வாழாதவர்களுக்கு முதியோர் ஓய்வூதியத்துக்கும் அதே ஆறு மாத விதி. இதனால்தான் ஆறு மாதத்தை முழுசாக இழுக்காமல் மூன்று, நான்கு மாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன்.

வீடு வாங்குவதா, வாடகையா?

வாடகை. குறைந்தது மூன்று குளிர்காலமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். வாங்கிவிட்டால் வீட்டுக் காப்புறுதி, குடியிருப்புச் சங்கக் கட்டணம், சூறாவளிச் சேதம் எல்லாம் உங்கள் தலையில். 2022 செப்டெம்பரில் இயன், 2024 செப்டெம்பரில் ஹெலீன், அதற்கு இரண்டு கிழமை கழித்து ஒக்டோபர் 9 இரவு சியஸ்ரா கீயிலேயே கரையேறிய மில்ட்டன் என்று இந்தக் கரை அடி வாங்கியிருக்கிறது. சூறாவளிக் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. நாங்கள் போகும்போது வானம் துப்புரவாக இருக்கும், ஆனால் வீடு அந்தக் காலத்தையும் தாண்டி நிற்க வேண்டுமே.

வாடகைக்கு எடுக்கும்போதும் இதைக் கேளுங்கள்: வெள்ளம் ஏறியதா, எவ்வளவு உயரத்துக்கு, சுவர்ப் பலகை மாற்றினார்களா? உள்ளே போனதும் அலுமாரியைத் திறந்து மூக்கை வையுங்கள். பூஞ்சண மணம் இருந்தால் அந்த வீடு வேண்டாம், ஆஸ்துமாக்காரருக்கு அங்கே மூன்று மாதம் நரகம். ஆறு மாதமும் அதற்குக் குறைவுமான வாடகைக்கு மாநில விற்பனை வரியும் கவுண்டியின் (உள்ளூர் மாவட்டத்தின்) சுற்றுலா வரியும் சேரும். விளம்பரத்தில் போட்ட தொகையில் அது அடங்குகிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

55 வயதுக்கு மேற்பட்டோர் குடியிருப்புகள் எங்களுக்கு ஏற்றவை. 1995ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்படி குறைந்தது 80 வீத வீடுகளில் 55 வயது தாண்டிய ஒருவராவது இருக்க வேண்டும். அமைதி, குளம், மண்டபம், எல்லாம் ஒரே மட்டத்தில். பேரப்பிள்ளைகள் எத்தனை நாள் தங்கலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இருக்கும், அதையும் முதலே கேளுங்கள்.

இருவரும் இருபத்து நான்கு மணித்தியாலமும் ஒரே சின்ன வீட்டில் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இதைப் பெண்கள்தான் கேட்பார்கள், அதுவும் குரலைத் தாழ்த்தி. இதைத் திறந்து பேச வேண்டும் என்பது என் எண்ணம்.

வேலைக்குப் போன காலத்தில் நாங்கள் ஒருவரை ஒருவர் காலையும் இரவும் பார்த்தவர்கள். இரண்டு வேலை, இரவு நேரவேலை, பிள்ளைகளின் வகுப்புகள் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. ஓய்வு பெற்ற பிறகும் ஸ்காபரோ வீட்டில் அவருக்கு நிலவறை, எனக்கு மேல்தளம். மகள் வருவாள், கோயில் இருக்கும். புளோரிடாவில் ஒரு படுக்கையறை, ஒரு கூடம், ஒரு சின்னச் சமையலறை. கதவைத் திறந்தால் அவர், திரும்பினால் அவர். பழகாத தம்பதிக்கு இது கடினமான வேலைதான்.

எங்களுக்கு உதவியது நேரத்தைப் பிரித்துக்கொண்டது. காலை நடை சேர்ந்து. ஒன்பதரையிலிருந்து மத்தியானம் வரை அவரவர் பாடு. பின்னேரம் அவருக்கு ஒரு கூட்டம், எனக்கு ஒரு கூட்டம். இரவுச் சாப்பாடு சேர்ந்து, தொலைக்காட்சி இல்லாமல். இரண்டு பேரும் ஒரே நண்பர் வட்டத்தில் விழுந்து கிடக்கக் கூடாது. வீட்டுக்கு வந்து சொல்ல இருவரிடமும் வெவ்வேறு கதை இருக்க வேண்டும்.

சமையலறை விஷயமும் சொல்ல வேண்டும். ஓய்வு கணவனுக்கு மட்டும் வரக் கூடாது. அங்கே போன பிறகுதான் இவர் பருப்புக் கறி வைக்கப் பழகினார். இப்போது திங்களும் வியாழனும் சமையல் அவருடையது. காரை நான் ஓட்டப் பழகினேன். ஸ்காபரோவில் எங்கே போனாலும் அவர்தான் ஓட்டுவார். எழுபது வயதுக்குப் பிறகு ஒருவர் திடீரென்று படுத்துவிட்டால் மற்றவர் வாகனம் ஓட்டவும் சமைக்கவும் காப்புறுதிக்குத் தொலைபேசி எடுக்கவும் தெரிந்திருக்க வேண்டும். இதைக் கற்றுக்கொள்ள அவசரமில்லாத அந்த மூன்று மாதங்களைப் போல நல்ல காலம் வராது. வங்கிக் கணக்கு, உயில், மருத்துவ முடிவெடுக்கும் அதிகாரப் பத்திரம் பற்றியும் நாங்கள் அங்கேதான் ஆறுதலாக இருந்து கதைத்தோம்.

தமிழ்ச் சாமான் கிடைக்குமா? இங்கிருந்து கொண்டுபோகலாமா?

மிளகாய்த்தூள், மல்லித்தூள், பருப்பு, அரிசி மா எல்லாம் கொண்டுபோகலாம். எல்லையில் கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். சொன்ன பொருளை எடுத்தால் அதோடு முடியும், சொல்லாததைக் கண்டெடுத்தால் தண்டம்.

பச்சைக் கறிவேப்பிலை மட்டும் வேண்டவே வேண்டாம். கறிவேப்பிலை எலுமிச்சை, தோடம்பழக் குடும்பத்தைச் சேர்ந்தது. தோடைமரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் சிறு பூச்சி அதில் வாழும். 2005இல் அந்த நோய் புளோரிடாவில் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அங்கத்தைய தோடம்பழத் தோட்டங்கள் பெரும்பகுதி அழிந்துவிட்டன. நெடுஞ்சாலை ஓரம் காய்ந்து நிற்கும் மரங்களைப் பார்த்தால் ஒரு கொத்து இலைக்காக ஏன் இவ்வளவு கடுமை என்று விளங்கும். கறிவேப்பிலையை, சரசோட்டாவுக்கு வடக்கே உள்ள பெரிய நகரமான டாம்பாப் பக்கத்து இந்தியக் கடைகளில் கேட்டுப் பாருங்கள்.

மீனுக்குக் குறைவே இல்லை. பாரை, சுறா, இறால் என்று பிடித்த அன்றே விற்கும் துறைகள் உண்டு. மரக்கறிக்கு சனிக்கிழமைச் சந்தை. பொங்கலன்று வெளியில் வெயிலில் வைத்துப் பால் பொங்க விட்டது, இத்தனை வருடம் ரொறன்ரோ அடுப்பில் பொங்கியவளுக்குப் பெரிய சந்தோஷம். குடியிருப்பு நிர்வாகத்திடம் அனுமதி கேட்டு, பொது அடுப்புப் பகுதியில் செய்தோம்.

கடலில் குளிக்கலாமா?

ஜனவரியில் மேற்குக் கரைக் கடல் 17, 18 பாகைதான். கால் நனைக்கலாம். குளிப்பதற்கு வெப்பமூட்டிய குளம் அல்லது மார்ச் வரும் வரை பொறுமை. கிழக்குக் கரையில், மயாமிப் பக்கம், கடல் இதமாக இருக்கும், ஆனால் அலை பெரிது. நீலச் சொறி மீன்களும் குளிர்காலத்தில் அங்கேதான் ஒதுங்கும். கடற்கரைக் கொடியைப் பாருங்கள்: ஊதாக் கொடி என்றால் கொட்டும் உயிரினங்கள், இரட்டைச் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது.

மேற்குக் கரைக்கு உரிய இன்னொரு விஷயம் 'ரெட் டைட்' என்ற சிவப்பு அலை. கரேனியா பிரேவிஸ் என்ற நுண்ணுயிர் பெருகும்போது மீன்கள் செத்து ஒதுங்கும், காற்றில் நச்சு கலந்து தொண்டை அரிக்கும், இருமல் வரும். 2017 ஒக்டோபரில் தொடங்கிய ஒன்று 2019 தொடக்கம் வரைக்கும் நின்றது. ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த நாட்களில் கரைக்குப் போகவே கூடாது. சரசோட்டாவில் இருக்கும் மோட் கடல் ஆய்வுகூடம் கடற்கரை நிலவரத்தை வெளியிடுகிறது, காலையில் ஒரு தடவை பாருங்கள்.

நன்னீர்க் குளம், வாய்க்கால் எதுவானாலும் முதலை இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கரையோரம் நடக்காதீர்கள்.

செலவில்லாமல் பார்க்க என்ன இருக்கிறது?

சரசோட்டாவுக்குத் தெற்கே உள்ள வெனிஸ் ஊரின் கடற்கரையில் கறுத்த சுறாப் பற்கள், கல்லாகிப்போனவை, மணலில் கிடக்கும். இவர் சல்லடையோடு போனால் மத்தியானம் வரை ஆள் வரமாட்டார். குளிர் நாட்களில் டாம்பாவுக்குக் கிட்ட உள்ள அப்போலோ பீச்சில் மின் நிலையத்தின் சூடான வெளியேற்று நீருக்குக் கடற்பசுக்கள் கூட்டம் கூட்டமாக வரும். நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை அனுமதி இலவசம். கடல் 20 பாகைக்குக் கீழே போனால் அவற்றால் தாங்க முடியாது. எங்களைப் போலத்தான், சூடு தேடி வருகின்றன. மன்னார்க் கடலில் இருப்பதும் அதே இனத்தின் உறவுதான் என்று பேரனுக்குச் சொன்னேன், அவனுக்கு நம்ப முடியவில்லை.

காரிலா, விமானத்திலா போவது?

டாம்பாவுக்கு நேரடி விமானம் மூன்று மணித்தியாலம். காரில் 2,000 கிலோமீற்றருக்கு மேல். ஓட்ட முடிந்தவர்கள் மூன்று நாளாகப் பிரித்து ஓட்டுங்கள், இருட்டுவதற்கு முன் நிறுத்துங்கள். வாஷிங்டனுக்குக் கிட்ட லோர்ட்டனிலிருந்து புளோரிடாவின் சான்ஃபோர்ட் வரை காரையும் ஏற்றிக்கொண்டு இரவோடு இரவாகப் போகும் ரயில் ஒன்றும் உண்டு. காரில் போனால் உங்கள் வாகனக் காப்புறுதிக்காரருக்கு எத்தனை மாதம் என்று தெரியப்படுத்துங்கள்.

அங்கே தனிமையாக இருக்காதா? தமிழாட்கள் குறைவுதானே.

குறைவுதான். எங்கள் குடியிருப்பில் மிச்சிகன், ஒஹாயோ, ஒன்ராறியோக்காரர்கள் அதிகம். அவர்கள் எல்லோரும் ஐ-75 நெடுஞ்சாலையைப் பிடித்து இறங்கியவர்கள். கியூபெக்காரர்கள் கிழக்குக் கரையில் ஹொலிவூட், ஹலண்டேல் பக்கம். முதல் கிழமையிலேயே மண்டபத்துக்குப் போய், என்ன நடக்கிறதோ அதில் உட்காருங்கள். ஆங்கிலம் தடுமாறுகிறதே என்று வீட்டுக்குள் இருப்பவர்களுக்குத்தான் தனிமை. அங்கே வந்திருக்கும் எல்லோரும் பிள்ளைகளை விட்டுவிட்டு வந்தவர்கள், கதைக்க ஆள் தேடுகிறவர்கள். கோயிலுக்கு டாம்பாவில் ஒரு பெரிய இந்துக் கோயில் இருக்கிறது, கோபுரம் கண்ணுக்கு நிறைவு.

ரொறன்ரோவும் சரசோட்டாவும் ஒரே நேர வலயம் என்பது பெரிய வசதி. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து பால் குடிக்கும் நேரம், அம்மம்மாவோடு காணொளி அழைப்பு. மார்ச் பாடசாலை விடுமுறைக்கு அவர்கள் வருவார்கள். சம்பளத்துக்கு எந்த வேலையும் அங்கே செய்யக் கூடாது, யாருடைய பிள்ளையையும் காசுக்குப் பார்க்கவும் கூடாது.

ரொறன்ரோவில் ஒரு செத்தவீடு என்றால்?

இது எங்கள் சனத்துக்கு உள்ள கேள்வி, சுலபமான பதில் இல்லை. எங்கள் வயதில் குளிர்காலத்தில் ஒரு அழைப்பாவது வரும். நெருங்கிய சொந்தம் என்றால் ஒருவரோ இருவரோ பறந்துவிடுகிறோம், அதற்கென்று ஒரு தொகையைத் தொடாமல் வைத்திருக்கிறோம். போவதற்கு முன் காப்புறுதிக்காரரிடம் கேளுங்கள்: இடையில் கனடா வந்து திரும்பினால் ஒப்பந்தம் தொடருமா, முறியுமா? மற்றவர்களுக்கு அன்றைக்கே தொலைபேசி, ஏப்ரலில் வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குப் போய் இருந்துவிட்டு வருவது. அந்த நேரம் சனக்கூட்டம் ஓய்ந்திருக்கும், அழுபவர்களோடு நிறைய நேரம் இருக்கலாம்.

பூட்டிய ரொறன்ரோ வீட்டுக்கு என்ன ஏற்பாடு?

தண்ணீரைப் பிரதான குழாயில் பூட்டி, குழாய்களைத் திறந்து வடிய விடுங்கள். வெப்பத்தை 15 பாகையில் விடுங்கள், முழுதாக அணைக்கக் கூடாது. வீட்டுக் காப்புறுதியில், குளிர்காலத்தில் எத்தனை நாளுக்கு ஒரு தடவை ஆள் போய்ப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கும். அதைச் செய்யாமல் குழாய் வெடித்தால் ஒரு சதமும் தரமாட்டார்கள். போகிறவர் ஒவ்வொரு தடவையும் ஒரு படம் எடுத்து அனுப்பட்டும், திகதியோடு ஆதாரமாகும். வாசல் பனி அள்ள ஆள் பேசிவிடுங்கள். ரொறன்ரோ நகரின் வெற்றுவீட்டு வரிக்கான வருடாந்த அறிவிப்பை, இதுதான் எங்கள் பிரதான வீடு என்று, இணையத்திலேயே செய்துவிடலாம். செய்யாமல் விட்டால் வெற்றுவீடு என்று கணக்கெடுத்து வரி போடுவார்கள்.

கனடிய வங்கிகள் உறுதிப்படுத்தும் இலக்கத்தை உங்கள் கனடியத் தொலைபேசிக்குத்தான் அனுப்பும், அதனால் அந்த இலக்கத்தை உயிரோடு வைத்திருங்கள். பெரும்பாலான கனடியக் கடன் அட்டைகள் வெளிநாட்டுச் செலவுக்கு 2.5 வீதம் கூட எடுக்கும். அமெரிக்க டொலர் கணக்கு ஒன்றைத் திறந்து, கோடையிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி வைப்பது நல்லது.

ஒருவருக்கு நடமாட்டம் குறைவு. போகலாமா?

படி இல்லாத வீடு, பிடிகம்பி உள்ள குளியலறை, வைத்தியசாலை இருபது நிமிடத்துக்குள். மூன்றும் இருந்தால் போகலாம். ஞாபகம் மங்கத் தொடங்கியவர்களைப் புது இடத்துக்குக் கூட்டிப்போகும் முன் குடும்ப வைத்தியரோடு கதையுங்கள், தெரியாத வீட்டில் இரவில் எழும்பி அலைவது கூடலாம்.

எப்போது திரும்புவது நல்லது? எதைக் கொண்டுவரலாம்?

ஜனவரியிலிருந்து மார்ச் முடியும் வரை அங்கே தெருக்களில் வாகன நெரிசல். ஈஸ்டர் முடிந்ததும் ஊர் வெறிச்சோடும், வெயிலும் ஏறும். வருமான வரிக்கு ஏப்ரல் 30 கடைசி நாள், அதனால் நாங்கள் ஏப்ரல் முதல் கிழமையில் புறப்படுவோம். 48 மணித்தியாலத்துக்கு மேல் வெளியே இருந்தவர் ஆளுக்கு 800 கனடிய டொலர் வரை பெறுமதியான சாமானைத் தீர்வை இல்லாமல் கொண்டுவரலாம். பற்றுச்சீட்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள், எல்லையில் கேட்பார்கள். வீட்டுக்கு வந்ததும் தண்ணீரைத் திறக்கும்போது மெதுவாகத் திறந்து, ஒவ்வொரு குழாயாக, நிலவறையிலிருந்து மேல்தளம் வரை ஒருவர் போய்ப் பாருங்கள். மற்றவர் பிரதான குழாயடியில் நிற்கட்டும்.